ஈரி ஏரி: ஒரு திருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு மாணவன் படம் ஒன்று அனுப்பினான். அமெரிக்காவில் கிளீவ்லாந்து பக்கம் இருக்கிறான். நவம்பர் இரவு, தலையில் கம்பளிக் குல்லாய், இரண்டு கையிலும் ஏந்திய பெரிய மீன். மீனின் கண் கேமரா வெளிச்சத்தில் கோலிக்குண்டு மாதிரி மின்னுகிறது. கீழே ஒரு வரி: "சார், நீங்க செத்துப்போச்சுன்னு சொன்ன ஏரியில பிடிச்சது."

உண்மைதான், சொன்னேன். ஐம்பெரும் ஏரிகளை வரைபடத்தில் குறிக்கும் பாடம் பலருக்கு நினைவிருக்கும். ஈரி என்ற பெயரை நான் வேண்டுமென்றே குறிலாக்கி, "எரி ஏரி, எரிகிற ஆறு போய் விழுகிற ஏரி, அதனால் மறக்காது" என்பேன். 1969 ஜூன் 22 அன்று கிளீவ்லாந்தில் கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பிடித்த கதையைச் சொல்லி, "அந்த ஏரி செத்துவிட்டது" என்று முடிப்பேன். 1984-இல் தொடங்கி ஓய்வு பெறும்வரை அப்படியே சொன்னேன். அன்று நான் படித்த பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. அதன் பிறகு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்காதது என் தவறு. இந்த ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததை எழுதுகிறேன். முப்பது வருட வகுப்புக்கு இது திருத்தம்.

முதலில் மீன். ஆங்கிலத்தில் அதன் பெயர் வால்ஐ. நம் வாளை மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் உறவில்லை. கனடாக்காரர்கள் இதையே பிக்கரல் என்கிறார்கள். இரவில் டார்ச் அடித்தால் மாட்டின் கண் மின்னும் அல்லவா, அதே போன்ற கண்ணாடிப் படலம் இதன் கண்ணிலும் இருக்கிறது. அதனால் மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய தண்ணீரிலும் இரையைப் பார்த்துவிடும். வெள்ளைச் சதை, முள் குறைவு. மிளகாய்த்தூள் தடவி வறுத்ததாகப் பையன் சொன்னான்.

ஐந்து ஏரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. சுப்பீரியர் 1,300 அடிக்கு மேல் இறங்கும். ஈரியின் மிக ஆழமான இடமே 210 அடிதான். அதன் மேற்குப் பகுதி சராசரியாக 24 அடி, நம் ஊர்ப் பெரிய கிணறு அளவு. ஆழம் குறைந்தால் வெயில் இறங்கும், பாசி வளரும், மீன் பெருகும். அதே காரணத்தால் கழிவு கலந்தால் முதலில் மூச்சுத் திணறுவதும் அந்த ஏரிதான். 1953-இல் மேற்குப் பகுதியின் அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து, சேற்றில் வாழும் ஒரு பூச்சியின் புழுக்கள் கூட்டமாக மடிந்தன. கரையோர ஊர்களில் கோடைதோறும் விளக்கைச் சுற்றி ஈசல் போல மொய்த்த பூச்சி அது. மீனுக்குப் பெரிய தீனி.

அதே காலத்தில் பருத்தி நூல் செவுள் வலைக்குப் பதில் நைலான் வலை வந்தது. மீன் கண்ணுக்கு எளிதில் தெரியாது, அழுகாது, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும். ஐம்பதுகளின் நடுவில் பிடிப்பு உச்சத்துக்குப் போய், அடுத்த சில ஆண்டுகளில் சரிந்தது. வால்ஐயின் நெருங்கிய உறவான நீல பைக் என்ற மீன் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான பவுண்டு கிடைத்துக்கொண்டிருந்தது. அது மீளவே இல்லை. 1983-இல் அழிந்துவிட்டது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அது தனி இனமா, வால்ஐயின் நிறபேதமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எதுவானாலும் மீன் இல்லை.

வால்ஐயும் அதே வழியில் போக வேண்டியதுதான். அதைக் காப்பாற்றியது விஷம். நான் எதிர்பார்க்காத திருப்பம் இது.

நார்வால்ட் ஃபிம்ரைட் என்ற நார்வேக்காரர் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஈரிக்கு மேலே இருக்கும் செயின்ட் கிளேர் ஏரி மீன்களைச் சோதித்ததில், அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு பாதரசம் இருந்தது. ஆற்றங்கரையில் குளோரின் தயாரித்த ஆலைகளின் கழிவு அது. 1970 மார்ச்சில் அவர் அரசுக்குத் தெரிவித்தார். சில வாரங்களில் இரு நாடுகளிலும் தடைகள் வந்தன. வால்ஐ வலைகள் கரையேறின. மீனவர்களுக்கு அது பேரிடி. மீனுக்கு, இருபது ஆண்டில் முதல் ஓய்வு.

1972-இல் நிக்சனும் பியர் ட்ரூடோவும் ஒட்டாவாவில் ஏரிகளின் நீர்த்தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சலவைத்தூள் பாஸ்பேட்டும் நகரக் கழிவும் குறையத் தொடங்கின. 1976 முதல் ஏரியில் எத்தனை வால்ஐ இருக்கிறது என்று மதிப்பிட்டு, இந்த ஆண்டு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று பங்கு போட்டார்கள். கனடா தன் பங்கை வலைக்காரர்களுக்குக் கொடுத்தது. ஒஹையோ தன் வலைக்காரர்களுக்கு அதைத் திரும்பத் திறக்கவில்லை, தூண்டில்காரர்களுக்கே விட்டது. 1982-இல் பொரித்த குஞ்சுகள் ஏராளம். அதாவது நான் கரும்பலகை முன் நின்று "செத்த ஏரி" என்று முதன்முதலாகச் சொன்னபோது, அங்கே அந்த இரண்டு வயது மீன்கள் திரிந்துகொண்டிருந்தன!

இனி தூண்டில் கதை. ட்ரோலிங் என்றதும் என் பேத்தி சிரிக்கிறாள். வலைத்தளத்தில் சீண்டுவது அல்ல, நம் ராமேஸ்வரத்து இழுவைமடியும் அல்ல. படகு மெல்ல ஓட, பின்னால் தூண்டில்கள் இழுபட்டு வருவது. எண்பதுகளில் ஈரியில் இது அவ்வளவாக இல்லை. படகைக் காற்றின் போக்கில் விட்டு, எரி டியரி என்ற தகட்டுத் தூண்டிலில் மண்புழு கோத்து வீசுவார்கள். கலங்கிய தண்ணீரில் அது போதும். 1988-இல் கப்பல்களோடு வந்த வரிச்சிப்பி இந்த ஏரிகளில் தென்பட்டது. கோடிக்கணக்கில் பெருகி நீரை வடிகட்டித் தெளிய வைத்தது. தெளிந்த நீரில் வால்ஐ ஆழத்துக்கும் நடு ஏரிக்கும் ஒதுங்கியது, படகின் நிழல் பட்டாலே விலகியது. அதனால் பக்கப்பலகைகள் பரவின. முழங்கை நீள மிதவைப் பலகை அது. பட்டம் காற்றில் பக்கமாக ஒதுங்குவதுபோல நீரோட்டத்தில் ஒதுங்கி, தூண்டில் கயிற்றைப் படகிலிருந்து வெகுதூரம் தள்ளிக்கொண்டு போகும்.

கயிற்றின் நுனியில் இருக்கும் பொய்மீனின் மூதாதை பின்லாந்துக்காரர். லௌரி ரபாலா என்ற ஏழை மீனவர், பெரிய மீன்கள் கூட்டத்தில் தடுமாறி நீந்தும் குஞ்சைத்தான் பாய்ந்து பிடிக்கின்றன என்று கவனித்தார். 1936-இல் தக்கையில் ஒரு மீன் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி மேலே பூசினார். 1962-இல் லைஃப் இதழ் அதைப் பற்றி எழுதியது. அந்த இதழின் அட்டையில் மர்லின் மன்றோ. அவர் இறந்த மாதம் என்பதால் இதழ் பெருமளவில் விற்றது, தக்கை மீனும் கூடவே பிரபலமாயிற்று.

இலையுதிர்காலக் கடைசியில் இந்தத் தொழில் எப்படி மாறுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வசந்தத்தில் மேற்குப் பாறைத்திட்டுகளிலும் மாமீ ஆற்றிலும் முட்டையிட்ட பெரிய பெண் மீன்கள், கோடையில் குளிர்நீர் தேடிக் கிழக்கே போகும். அக்டோபர், நவம்பரில் கூட்டமாக மேற்கே திரும்பும். மத்திக்கு உறவான ஷாட் என்ற சிறுமீன் அப்போது கரையோரம் கூடும். குளிர் தாங்காமல் ஷாட் துவண்டு துவண்டு நீந்தும், பல செத்தும் போகும். வால்ஐக்கு அது விருந்து. ஆனால் குளிர்ரத்தப் பிராணி, அதற்கும் சோம்பல். துரத்தி ஓடாது.

ஆகவே கோடையில் மணிக்கு 3, 4 கிலோமீட்டரில் இழுக்கும் படகை 2-க்கு இறக்குகிறார்கள். நாம் நடக்கும் வேகத்தில் பாதி. நீளமான பொய்மீன் மெதுவாக ஆடி, துவண்ட ஷாட் போல வரும். படகை நேராக ஓட்டாமல் பாம்பு போல வளைப்பார்கள். வளைவின் உட்புறக் கயிறு தொய்ந்து வேகம் குறையும், வெளிப்புறக் கயிறு வேகமாகும். எந்தப் பக்கம் கடிக்கிறதோ அன்றைக்கு அந்த வேகம். கயிறு எத்தனை அடி விட்டோம் என்று சுருளியில் உள்ள எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் ஆழம். இருட்டிய பிறகு துறைமுகச் சுவர் ஓரமாகவே பெரிய மீன் வரும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று மறுபடியும் தவறாகச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். 2014 ஆகஸ்டில் நச்சுப்பாசியால் டொலிடோவில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். வயல் உரம் இன்னும் வழிந்து வந்துகொண்டிருக்கிறது. 2022-இல் கிளீவ்லாந்தில் நடந்த போட்டியில் இரண்டு பேர் வால்ஐ வயிற்றில் ஈயக்குண்டு திணித்து எடை கூட்டி மாட்டிக்கொண்டு சிறைக்கும் போனார்கள். செத்துவிட்டது என்று நான் சொன்ன ஏரியில் பரிசுக்காகத் திருட்டு!

தம்பி, உனக்கு இரண்டு விஷயம். நவம்பரில் அந்த ஏரி பொல்லாதது. 1913 நவம்பர் புயலில் அந்த ஏரிகளில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆழம் குறைந்த தண்ணீர் சட்டென்று எழும்பும். படத்தில் மிதவைச் சட்டை காணோம். அடுத்த படத்தில் அதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, மீன் எத்தனை அங்குலம் என்று நீ சொல்லவில்லை. 2015-லும் 2018-லும் குஞ்சுகள் ஏராளமாகப் பொரித்த ஆண்டுகளாம். உன்னுடையது எந்த வகுப்பு என்று அளந்து பார்த்து எழுது.