உங்க மலை ஏன் பர்த்டே கேக் மாதிரி இருக்கு?

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து ஒரு மலை கட்டியிருப்பீங்க. காலையில எழுந்து பார்த்தா, பச்சை க்ரீம் தடவின மூணடுக்கு கேக் ஒண்ணு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். லெகோ வேர்ல்ட்ஸ், பிரிக்கேடியா மாதிரி பொம்மைக் கட்டை கேம் ஆடுறவங்க பலரும் கடந்து வந்த சோகம்தான் இது. வீடு சூப்பரா வரும், கோட்டை கெத்தா வரும், மலை மட்டும் சொதப்பும். ஏன்னா வீட்டை மனுஷன் கட்டுறான். மலையை மழையும் ஆறும் செதுக்குது. நாம வீடு கட்டுற அதே மூளையோட மலையையும் கட்டிடுறோம்.

முதல்ல கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, சின்னதுதான். நிஜ லெகோவில் ஒரு குமிழுக்கான இடம் 8 மி.மீ. முழுக் கட்டையின் உயரம் 9.6 மி.மீ. ‘பிளேட்’னு சொல்ற மெல்லிசு துண்டு அதில் மூணில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. ஒரு குமிழ் தள்ளி ஒரு முழுக் கட்டைனு படி மாதிரி ஏத்திக்கிட்டே போனா, சரிவு 50 டிகிரி வந்துடும். தளர்வான மண்ணும் சரளையும் குவிஞ்சா, சரியாம நிக்கிறதே சுமார் 30 - 35 டிகிரியில்தான். அதுக்கு மேல செங்குத்தா நிக்கணும்னா பாறை வேணும். நீங்க 50 டிகிரியில் புல் வளர்த்திருக்கீங்க பாஸ், கண்ணு எப்படி நம்பும்?

அதனால புல்வெளிக்கு ஒரு குமிழுக்கு ஒரு பிளேட் மட்டும் ஏத்துங்க. 22 டிகிரி, நடந்தே ஏறலாம்னு தோணும். பாறை உடைஞ்சு விழுந்து குவிஞ்ச அடிவாரத்துக்கு 33 டிகிரி சாய்வுக் கட்டை அப்படியே பொருந்தும். உச்சியில் பாறைமுகத்தை மட்டும் செங்குத்தா நிறுத்துங்க. மேலே செங்குத்து, நடுவில் சரிவு, கீழே படுக்கைனு இந்த மூணும் வந்தாலே பாதி வேலை முடிஞ்சது.

போன்ல மைன்கிராஃப்ட்தான் ஆடுறீங்களா? அங்கே கட்டை கனசதுரம், அதனால கணக்கு மாறும். ஒண்ணுக்கு ஒண்ணு ஏறினா 45 டிகிரி. அரை உயர ஸ்லாப்பை நடுவில் சேர்த்தா 27-க்கு இறங்கும்.

2017-ல் வெளியான லெகோ வேர்ல்ட்ஸில் நிலத்தை உயர்த்த, தாழ்த்த, சமமாக்கத் தனி டூலே இருக்கு. பெரிய வடிவத்தை அதில் முடிச்சுக்கலாம். ஆனா அதோட நிறுத்தினா உருண்டை மேடுதான் மிஞ்சும். அடுத்து, தண்ணி எந்த வழியா இறங்கும்னு யோசிச்சு ஓடைகளை வெட்டுங்க. ஓடைகள் கீழே போகப் போக ஒண்ணா சேரும்; கடலோர டெல்டா மாதிரி இடங்களை விட்டா பொதுவா பிரியாது. ஆறு வளையுற இடத்தில் வெளிப்பக்கக் கரையை அரிச்சுச் செங்குத்தாக்குங்க, உள்பக்கம் மணல் நிற பிளேட்டுகளைத் தட்டையா பரப்புங்க. இந்த ஒரு விஷயத்தைப் பண்ணினாலே, பார்க்கிறவங்க ஸ்கிரீன்ஷாட் எடுப்பாங்க.

கலர்ல பெரும்பாலும் எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. சாம்பல், பழுப்பு, பச்சை மூணையும் உப்புமாவில் கடுகு மாதிரி சமமா தூவிடுறாங்க. தூரத்திலிருந்து பார்த்தா வெறும் இரைச்சல். பாறையில் கலர் கிடைமட்டப் பட்டையா ஓடட்டும். ஈரமான பள்ளத்தில் அடர்பச்சை திட்டா சேரட்டும். பக்கத்துப் பக்கத்து ஷேடு மூணு போதும்.

லெகோவில் ரெடிமேடா ஒரு பெரிய பாறைத் துண்டு உண்டு. ரசிகர்கள் அதுக்கு வெச்ச செல்லப்பேர் ‘பர்ப்’, அதாவது ‘பெரிய அசிங்கமான பாறைத் துண்டு’. அதோட தம்பி ‘லர்ப்’. பேருக்கேத்த மாதிரி, தனியா வெச்சா அசிங்கம்தான். ஒவ்வொண்ணையும் வேற வேற பக்கம் திருப்பி, இடையில் சாய்வுக் கட்டைகளைச் செருகிப் பாருங்க, ஒரே துண்டுனு தெரியாது.

கடைசியா, மலைக்குள்ளே கட்டையை அடைக்காதீங்க. வெளித்தோல் மட்டும் போதும், உள்ளே காலியா விடுங்க. கட்டை ஏற ஏற கேம் திணறும். அப்புறம் அந்த மலை மேல ஏறிப் பார்க்கிறதுக்குள்ள ஸ்க்ரீன் உறைஞ்சுடும்.