தரகரின்றி வீடு விற்றல் (கொழும்பு)

தரகரின்றி வீடு விற்றல் என்பது, உரிமையாளரே வாங்குபவரைத் தேடி, விலை பேசி, நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடித்துக் கொடுப்பதாகும். இலங்கைச் சட்டப்படி காணி, வீட்டு விற்பனைக்கு நொத்தாரிசு கட்டாயம், தரகர் கட்டாயமில்லை. கொழும்பில் விலையின் 3 சதவீதம் தரகாகப் பேசப்படுவது வழக்கம். 5 கோடி ரூபா வீட்டுக்கு அது 15 இலட்சம்.

பின்னணி

தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தை (கொழும்பு 6), கொட்டாஞ்சேனை (கொழும்பு 13) ஆகிய இடங்களில் வீடு விற்பனை பெரும்பாலும் வாய்மொழியாகவே பரவுகிறது. கோயில், பள்ளிக்கூடம், ஊர்ச் சங்கம், வெளிநாட்டு உறவினர் என்று செய்தி போய்ச் சேரும். வீரகேசரி, தினகரன் வார இதழ்களின் விளம்பரப் பகுதிகளும் இக்மன் போன்ற இணையத்தளங்களும் இதற்குத் துணை. வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் இருந்த தனிவீடுகள் பல, போர்க்காலத்திலும் அதன் பின்னரும் தொடர்மாடிகளாயின. கொட்டாஞ்சேனையில் சிறு காணித் துண்டுகளில் நெருங்கிய பழைய வீடுகள் அதிகம். ஒரே வீட்டுக்குப் பல உரித்தாளர் இருப்பதும், நீண்டகால வாடகையாளர் குடியிருப்பதும் உண்டு.

சட்ட அடிப்படை

மோசடிகள் தடுத்தற் கட்டளைச் சட்டத்தின் (1840ஆம் ஆண்டு, 7ஆம் இலக்கம்) 2ஆம் பிரிவின்படி, அசைவற்ற ஆதன விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்கக் கையொப்பமிடப்பட வேண்டும். விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இவ்விதியே. ஆகவே வெறும் பற்றுச்சீட்டில் முற்பணம் வாங்கிய விற்பனைப் பேச்சை நீதிமன்றில் நிறைவேற்ற முடியாது.

உரோமன்-டச்சுச் சட்டப்படி, வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் முறிவதில்லை. குடியிருப்பவர் இருப்பின் அதை விற்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆவணங்கள்

விளம்பரம் போடுமுன் திரட்ட வேண்டியவை: மூல உறுதியும் அதற்கு முந்திய உறுதிகளும், நில அளவைப் படம், காணிப் பதிவகத்தின் தோம்புப் பிரதி, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடமும் இணக்கச் சான்றிதழும், மாநகர சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழும் உரிமைச் சான்றிதழும், ஆதனம் சபைக்கு உரித்தாகவில்லை என்ற சான்று, சோலை வரிப் பற்றுச்சீட்டுகள். வாங்குபவரின் நொத்தாரிசு பொதுவாக 30 ஆண்டு உரித்தைத் தேடிப் பார்ப்பார்.

தொடர்மாடி வீட்டுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். அதன்கீழ் கட்டடத்தின் மாடிமனைப் படம் பதிவாகியிருந்தால்தான் ஒவ்வொரு மனையும் தனி ஆதனமாகக் கைமாறும். வங்கி ஈடு இருப்பின் விடுவிப்பு உறுதி வேண்டும். பெற்றோர் இறந்து பிள்ளைகளுக்கு வந்த வீடானால் மரணசாதன வழக்கு முடிந்து, உரித்தாளர் அனைவரும் ஒப்பமிட வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் அசைவற்ற ஆதனத்தை விற்க 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் மூலம் விற்கலாம். அதை முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும்.

வாங்குபவரின் தகுதி

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமையாளருக்கும், குறித்த நிபந்தனைகளின் கீழ் மாடிமனைகளுக்கும் விலக்குண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழருக்கு விற்பவர் இதை முற்பணம் வாங்குமுன்னரே சரிபார்க்க வேண்டும்.

செலவும் வரியும்

முத்திரைத் தீர்வை வாங்குபவரின் பொறுப்பு: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் இரு தரப்பையும் சிக்கலில் மாட்டிவிடும்; பின்னர் வழக்கு வந்தால் உறுதியிலுள்ள தொகையே விற்றவருக்கு எதிராக நிற்கும்.

மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ளது. அதைச் செலுத்த வேண்டியவர் விற்பவர். விற்பனைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சொந்தமாக வைத்திருந்து, அதில் இரண்டு ஆண்டுகளாவது தாமே வசித்த முதன்மை வதிவிடத்துக்கு விலக்குண்டு. 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே வைத்திருந்த ஆதனத்துக்கு அந்நாளின் சந்தை மதிப்பே கொள்விலையாகக் கொள்ளப்படும். பழைய வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

பாதுகாப்பு

பார்க்க வருபவருக்கு உறுதியின் பிரதியைக் கொடுக்கலாம், மூலத்தைக் கொடுக்கலாகாது. மிகுதிப் பணத்தை வங்கிக் காசோலையாகப் பெற்று, அது உண்மையானதா என்று வழங்கிய வங்கியிலேயே உறுதிப்படுத்திக்கொண்டு ஒப்பமிடுவது நல்லது.

வழக்கப்படி நொத்தாரிசைத் தெரிந்தெடுத்துக் கூலி கொடுப்பவர் வாங்குபவரே. நொத்தாரிசு முதலில் காப்பதும் வாங்குபவரின் நலனையே. தரகர் இல்லாதபோது விற்பவர் பக்கம் பேச ஆளில்லாமல் போகிறது. ஆகவே, மிச்சமாகும் தரகுப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, தமக்கென ஒரு சட்டத்தரணியிடம் உடன்படிக்கையையும் உறுதி வரைவையும் காட்டி ஆலோசனை பெறுவது ஒவ்வொரு விற்பனையாளருக்கும் அவசியம்.