சீனக்குடாவின் குதங்களும் ஒஸ்லோவின் வகுப்புகளும்

2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 'ஒஸ்லோ' என்று தொடங்கும் எந்தச் செய்தியையும் நாங்கள் தவறவிட்டதில்லை. அவ்வாண்டு பெப்ரவரி 22இல் நோர்வேயின் அனுசரணையுடன் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகியிருந்தது. முதற்சுற்றுப் பேச்சு எங்கே, எப்போது என்பதை முந்தித் தருவதில் கொழும்புத் தமிழ் நாளேடுகளிடையே கடும் போட்டி. ஓர் இரவு, செய்தி நிறுவனத்தின் தாள் ஒன்றில் ஒஸ்லோ என்ற பெயரைக் கண்டு ஆவலுடன் எடுத்தேன். கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞர் ஆகஸ்ட் 10இல் காலமானார் என்றிருந்தது. எரிக் சொல்ஹெய்முக்கும் இவருக்கும் தொடர்பில்லை என்று கண்டதும் கசக்கிக் கூடையில் இட்டேன். என் பத்திரிகை வாழ்வில் கூடைக்குப் போன செய்திகள் ஆயிரம் இருக்கும். இன்றும் உறுத்துவது அது ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு திருகோணமலைக்குப் போனேன். உவர்மலையில் அக்காவின் வீடு. முற்றத்தில் நின்றால் உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்புத் தெரியும். வெள்ளை வாகனங்களில் நோர்டிக் நாட்டுக் கண்காணிப்பாளர்கள் ஓடித்திரிந்த காலம். அக்காவின் மகள் (எங்கள் வழக்கில் மருமகள்) நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணினிப் பாடநெறி பயின்றுகொண்டிருந்தாள். 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாக உயர்ந்த நிறுவனத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இந்தப் பாடநெறியிலும் தவறினால் அடுத்து என்ன என்ற கவலை அக்காவின் முகத்தில் எழுதியிருந்தது. ஜாவா மொழிப் பாடத்தின் முதற்சோதனையில் அவள் ஏற்கெனவே தோற்றிருந்தாள்.

"கிளாஸ் எண்டால் புளூபிரிண்ட், ஒப்ஜெக்ட் எண்டால் அதின்ர இன்ஸ்டன்ஸ். ஒரு மாதமா இதைத்தான் மாமா பாடமாக்கிறன். அது என்ன எண்டு கேட்டால் தெரியாது."

பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை, திடீரென ஆங்கிலத்தில் கற்கிறாள். தமிழ்ச் சொல்லும் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. 'பொருள்நோக்கு நிரலாக்கம்' என்று யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். சொற்பொருளை நோக்கும் நிரலாக்கமாக்கும் என்று அவள் சில நாள் மயங்கியிருந்தாள். நம் மொழியில் 'பொருள்' சுமக்கும் பாரம் அப்படிப்பட்டது. நூலில் இருந்த உதாரணம் வங்கிக் கணக்கு. அவளிடமோ வங்கிக் கணக்கே இல்லை.

நிரலாக்கம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அறிந்தது துறைமுகம். மறுகரையில் சீனக்குடாக் காட்டுக்குள் மறைந்திருக்கும் எண்ணெய்க் குதங்களைப் பற்றி, 1987 இந்திய–இலங்கை உடன்பாட்டின் கடிதங்களில் அவை இடம்பெற்ற நாள் முதல், பலமுறை எழுதியிருக்கிறேன். அன்றும் வழக்கம்போல் அந்தக் கதையைத்தான் எடுத்தேன். பிரித்தானியர் தம் கடற்படைக்காக, ஏறத்தாழ ஒரே அளவில், ஒவ்வொன்றும் சுமார் 10,000 தொன் கொள்ளுமாறு வரிசை வரிசையாகக் கட்டிய உருக்குக் குதங்கள் அவை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, ஒரு விமானம் 91ஆம் இலக்கக் குதத்தின் மீது வீழ்ந்தது. குதம் உருகி உருக்குலைந்தது. (மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் அதே நாளில்தான்.) இழந்தவை போக இன்று எஞ்சியிருப்பவை 99.

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "வரைபடத்துக்குள்ள எண்ணெய் ஊத்த ஏலாது, என்ன மாமா?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"குதத்துக்குள்ளதான் ஊத்தலாம். வரைபடம் ஒண்டு, குதம் நூறு. ஒண்டுக்குள்ள எண்ணெய் இருக்கும், மற்றது வெறுமையா இருக்கும். 91 எரிஞ்சால் 90 எரியாது. வரைபடம்தான் கிளாஸ்."

அதன்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. கப்பல்களுக்குத் தாவினாள். பிறீமா மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது. டோக்கியோ சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் ஏற்றிய கப்பல் வருகிறது. குதங்களுக்கு எண்ணெய்க் கப்பல். பெயர், எடை, நீரில் அமிழும் ஆழம், வருகை, புறப்பாடு ஆகியவை மூன்றுக்கும் பொது. ஆகவே அவற்றைக் 'கப்பல்' என்ற தாய் வகுப்பில் ஒருமுறை எழுதினால் போதும், மற்றவை மரபுரிமையாகப் பெற்றுக்கொள்ளும். 'இறக்கு' என்ற கட்டளை ஒன்றே. கோதுமை குழாயால் உறிஞ்சப்படும், கிளிங்கர் கவ்வியால் அள்ளப்படும், எண்ணெய் பம்பியால் இறைக்கப்படும். கட்டளையிடுபவர் எந்தக் கப்பல் என்று கேட்க வேண்டியதில்லை. நூல் இதைப் பல்லுருவாக்கம் என்கிறதாம்.

மறுநாட் காலை பாடநூலின் முன்னுரையை விரித்துக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, இது உங்கட சமாதான ஒஸ்லோவோ?"

அதே ஒஸ்லோதான். அப்பந்தியில் கிறிஸ்டன் நைகார்ட் என்ற பெயரும் இருந்தது.

அதற்குப் பின்னரே அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1960களின் தொடக்கத்தில் நோர்வேக் கணினி மையத்தில் நைகார்டும் ஓலெ-யோஹான் டாலும் விடை தேடியது மிகச் சாதாரணமான ஒரு கேள்விக்கு: வரிசைகளைக் கணினிக்குள் எப்படிக் கொண்டுவருவது? தொழிற்சாலை, போக்குவரத்து, அலுவலகம் எங்கும் ஏதோவொன்று வந்து காத்திருந்து, சேவை பெற்றுப் போகிறது. இதை வெறும் எண்களின் அட்டவணையாக எழுதினால் சிக்கல் பெருகும். ஒவ்வொன்றும் தன் நிலையையும் தன் செயலையும் தானே சுமந்து வந்தால்? அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே சிமுலா மொழி. 1963 ஆகஸ்டில் யுனிவாக் 1107 இயந்திரம் ஒஸ்லோ வந்தது. 1965இன் தொடக்கத்தில் மொழி அதில் இயங்கியது.

பயன்படுத்தத் தொடங்கியபின் ஒரு குறை தெரிந்தது. பாலத்தில் சுங்கச்சாவடி ஒன்று, அங்கே வரிசையில் பாரவூர்திகளும் பேருந்துகளும். இரண்டுக்கும் பொதுவானவை பல, வேறுபடுபவை சில. பொதுவானதை ஏன் இருமுறை எழுத வேண்டும்? 1966இல் பிரான்சில் நடந்த கோடைகாலப் பள்ளியில் டோனி ஹோர் நிகழ்த்திய விரிவுரைகளும் அவர்களுக்கு வழிகாட்டின. அவ்வாண்டின் முடிவில் விடை கிடைத்தது. 1967 மே மாதம், ஒஸ்லோவை அடுத்த லீசெபு மாநாட்டில் வகுப்பு, உபவகுப்பு என்ற கருத்துகளை வெளியிட்டார்கள். சிமுலா 67 என்பது அதுதான்.

அப்போது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த அலன் கே, அல்கோல் மொழி என்று எண்ணித் திறந்த நிரல் சிமுலாவாக இருக்கக் கண்டு, எண்பது அடி நீளத் தாளைத் தாழ்வாரத்தில் விரித்து, ஊர்ந்து ஊர்ந்து படித்தாராம். 'பொருள்நோக்கு' என்ற பெயரை இட்டவர் அவர்தான். டென்மார்க்கின் ஸ்ட்ரௌஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பழகி, 1979இல் சி மொழிக்கு வகுப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். 1995இல் ஜாவா வந்தது. அங்கிருந்து உவர்மலைக்கு.

டால் அமைதியானவர், நைகார்ட் போராளி. 1970களில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து, கணினி தொழிற்சாலைக்குள் வரும்போது அதைப் பற்றிப் பேசத் தொழிலாளருக்கு அறிவு வேண்டும் என்று உழைத்தவர். 1990களில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை எதிர்த்த இயக்கத்தின் தலைவர். 1994 வாக்கெடுப்பில் அவர் பக்கம் வென்றது. 2001ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. 2002 ஜூன் 29இல் டால் மறைந்தார். ஆறு கிழமைகளில் நைகார்டும் போனார். நான் கசக்கிய தாளில் இருந்தது இந்த மனிதரின் வாழ்வு.

இன்னொன்று. 1979இல் கிரகாம் பேர்ட்விசில் சிமுலாவின் மீது அமைத்த 'டெமோஸ்' என்ற தொகுதியின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒரு துறைமுகம்: கப்பல் வருகிறது, இறங்குதுறைக்குக் காத்திருக்கிறது, கட்டுவதற்கு இரண்டு இழுவைப் படகுகள் வேண்டும், புறப்படுவதற்கு ஒன்று போதும். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டு, காணாத வங்கிக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள் எங்கள் பிள்ளை. ஆசிரியர்களைக் குறை கூறமாட்டேன். அவர்களும் அதே நூலை அதே வழியில்தான் கற்றிருப்பார்கள்.

மறுசோதனையில் அவள் தேறினாள். 2006 சனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களின் உடல்களைப் படம்பிடித்த சக பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அம்மாதம் 24இல் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆண்டு முடியுமுன் அக்கா மகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார். கையிலிருந்த நகை போயிற்று. முற்றத்தில் இப்போது அக்கா மட்டும்.

மருமகள் இன்றும் ஜாவாவில்தான் எழுதுகிறாள். 2022 சனவரியில் குதங்களைப் பற்றிய புதிய உடன்பாடு வந்தபோது ரொறன்ரோவிலிருந்து அழைத்தாள். 61 குதங்கள் கூட்டு நிறுவனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு என்று வாசித்துக் காட்டினேன். மனக்கணக்கில் கூட்டினாள்.

"தொண்ணூற்றொன்பது. அப்ப 91?"

"அதை எவரும் கேட்கவில்லை, பிள்ளை."

"இலக்கம் இருக்கு, குதம் இல்லை. ஜாவாவில அதுக்கு நல் எண்டு பேர், மாமா" என்று சிரித்தாள்.