மில்லரின் கணக்கும் ஓர் அகதியின் கடிதமும்

1999 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். ஜேர்மனியில் ஓர் அகதிகள் விடுதி. ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர். எனக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தவரை நாங்கள் 'அண்ணை' என்றே கூப்பிடுவோம். நல்ல மனுசன். இரவில் வேதாகமம் வாசித்துவிட்டுத்தான் படுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்வருவார். அங்கே வந்த போதகர் ஒருவர் 2000 பிறக்குமுன் கர்த்தர் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாராம்.

ஒருநாள் அண்ணை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, "தம்பி, இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" என்றார். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம். மேன்முறையீட்டுக்கு இரண்டு கிழமை தவணை. அது முடிந்து நாலு நாளாகியிருந்தது. கடிதம் அதுவரை வேதாகமத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. "ஏன் அண்ணை அப்பவே காட்டேல்லை?" என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு மாசம்தானே தம்பி, அதுக்குப் பிறகு இந்தக் கடிதங்களுக்கு என்ன வேலை" என்றார்.

அந்தப் பதில் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் தீர்க்கதரிசனக் கணக்குகளின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். தேடினால் எல்லா வழியும் ஒரு மனிதரிடம் கொண்டுபோய் விட்டது. அவர் பெயர் வில்லியம் மில்லர்.

மில்லர் 1782 இல் பிறந்த அமெரிக்க விவசாயி. நியூயோர்க் மாநிலத்தில் லோ ஹம்டன் என்ற ஊரில் வாழ்ந்தவர். இளவயதில் வேதத்தை நம்பாதவர். 1812 இல் தொடங்கிய பிரித்தானிய அமெரிக்கப் போரில் படையில் இருந்தார். சாவைப் பக்கத்தில் பார்த்த பிறகு மனம் மாறியது. 1816 இல் விசுவாசியாகி, வேதாகமத்தை முதலிலிருந்து வசனம் வசனமாக ஆராய்ந்தார். ஏமாற்றுக்காரர் அல்ல என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். கணக்கு முடிந்த பின்பும் பல வருடம் வாய் திறக்கப் பயந்தார். 1831 இல்தான் முதன்முதலாகப் பிரசங்கித்தார்.

கணக்கு இதுதான். தானியேல் 8 ஆம் அதிகாரத்தில், 2300 இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று வருகிறது. எண்ணாகமம் 14, எசேக்கியேல் 4 ஆகிய இடங்களில் ஒரு நாள் ஒரு வருடத்துக்கு அடையாளமாக வருகிறது. ஆகவே 2300 நாள் என்றால் 2300 வருடம். பாரசீக மன்னன் அர்தசஷ்டா எருசலேமுக்காகக் கட்டளை கொடுத்த கி.மு. 457 இல் எண்ணத் தொடங்கினால் 1843 வருகிறது. பரிசுத்த ஸ்தலம் என்பது பூமி, சுத்திகரிப்பு என்பது கிறிஸ்துவின் வருகை என்று அவர் முடிவு செய்தார்.

பொஸ்ரனில் யோசுவா ஹைம்ஸ் என்ற போதகர் இதைக் கையில் எடுத்த பிறகு பத்திரிகைகள், பெரிய கூடாரங்கள், மிருகங்களின் படம் போட்ட அட்டவணைகள் என்று செய்தி எங்கும் பரவியது. பின்பற்றியோர் 50,000 முதல் ஒரு இலட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

1844 மார்ச் 21 இற்குள் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. கி.மு. 1 இற்கும் கி.பி. 1 இற்கும் இடையில் பூச்சிய வருடம் இல்லை, ஆகவே கணக்கு 1844 இல் முடிகிறது என்றார்கள். ஓகஸ்ட் மாதக் கூட்டமொன்றில் சாமுவேல் ஸ்னோ என்பவர், யூதரின் பாவநிவாரண நாளே அந்த நாள் என்று நாளையும் குறித்தார். வழக்கமான யூத நாட்காட்டிப்படி அது செப்டெம்பர் 23. அவர்கள் கராயிட் யூதரின் முறைப்படி ஒக்டோபர் 22 ஐ எடுத்தார்கள். நாள் குறிக்கத் தயங்கிய மில்லரும் கடைசி நேரத்தில் ஏற்றுக்கொண்டார்.

சில விவசாயிகள் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டார்கள். சிலர் கடைகளைப் பூட்டினார்கள். அன்றிரவு விழித்திருந்தார்கள். விடிந்தது. வழக்கம்போலச் சூரியன்தான் வந்தது. விடியும்வரை அழுததாக ஹைரம் எட்சன் என்பவர் பின்னாளில் எழுதினார். வரலாற்றில் இதற்குப் பெயர் 'பெரும் ஏமாற்றம்'.

மில்லர் தன் கணக்குப் பிழைத்ததை ஒப்புக்கொண்டார். 1849 இல் காலமானார். ஆனால் கணக்கு சாகவில்லை! நாள் சரி, நடந்ததுதான் வேறு, கிறிஸ்து பரலோகத்தின் பரிசுத்த ஸ்தலத்தில் புதிய ஊழியம் தொடங்கினார் என்று எட்சனும் வேறு சிலரும் விளக்கினார்கள். அந்த வழியில் 1863 இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைந்தது. சார்ள்ஸ் ரசல் வேறு கணக்குகளால் 1914 ஐக் குறித்தார். கலிபோர்னிய வானொலிப் பிரசங்கி ஹரல்ட் கம்பிங் 2011 மே 21 என்றார். பிறகு ஒக்டோபர் 21 என்றார்.

தானியேலை வேறு விதமாகவும் வாசிக்கலாம். கி.மு. 167 இல் அந்தியோகஸ் எப்பிபானஸ் என்ற மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். காலையும் மாலையும் இடப்படும் பலி நின்றது. 2300 மாலை காலைப் பலிகள் என்றால் 1150 நாள், மூன்று வருடத்துக்குச் சற்று அதிகம். கி.மு. 164 இல் ஆலயம் மீண்டும் சுத்திகரிக்கப்பட்டது. ஆய்வாளர் பலர் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறார்கள். அடக்குமுறைக்குள் கிடந்த ஒரு சனத்துக்கு, 'இதற்கும் ஒரு முடிவு உண்டு' என்று சொன்ன ஆறுதல் அது. ஊரை இழந்து வந்த எனக்கு இந்த வாசிப்பே நெஞ்சில் தொடுகிறது.

இன்னொன்றையும் யோசிக்கிறேன். மில்லர் வேதத்தைத் திறந்த அதே 1816 இல்தான், பொஸ்ரனைத் தளமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் தன் வேலையைத் தொடங்கியது. அவர்களும் தேவனுடைய ராஜ்யத்துக்குக் காத்திருந்தவர்கள்தான். ஆனால் அன்றைய மிஷன்காரர் பலரின் நம்பிக்கை, ராஜ்யம் மனித உழைப்பின் ஊடாகவும் வளரும் என்பது. 1823 இல் வட்டுக்கோட்டை செமினறி, 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலை, பிறகு மானிப்பாயில் மருத்துவர் கிறீனின் வைத்தியசாலை. எங்கள் சமயத்தையும் பண்பாட்டையும் அவர்கள் இழிவாகப் பார்த்ததற்காக அவர்களோடு எனக்குக் கோபமும் உண்டு. ஆனாலும் அந்தக் காத்திருப்பு சுவர்களையும் புத்தகங்களையும் விட்டுச் சென்றது.

இயேசு ராஜ்யத்தைக் கடுகு விதைக்கும் புளித்த மாவுக்கும் ஒப்பிட்டார். நாள் கேட்ட சீடர்களுக்கு நாள் சொல்லவில்லை. எசமான் வரும்போது வேலையில் இருக்கும் ஊழியக்காரனையே பாக்கியவான் என்றார். கணக்குப் போடுகிறவனை அல்ல.

2000 தை முதலாம் திகதி காலை. முற்றத்தில் பனி. அண்ணை யன்னலடியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். ஒன்றும் கதைக்கவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் வேலையால் வந்தபோது அவர் கட்டில் வெறுமையாக இருந்தது. எங்கே போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஒரு நாளைக் குறித்துக்கொண்டு காத்திருக்கலாம். அவர்களுடைய விசுவாசத்தோடு சண்டை பிடிக்க வேண்டாம். வந்த கடிதங்களை மட்டும் ஒருக்கா வாங்கிப் பாருங்கள்.