தந்தி முதற் கணினி வரை: ஆர். எஸ். 232 நியமத்தின் வரலாறு

இரு கருவிகள் தம்முள் உரையாட வேண்டுமெனின் அவற்றை இணைக்கும் கம்பி மட்டும் போதாது; அக்கம்பியிற் செல்லும் குறிக்குப் பொருள் யாதென்னும் உடன்பாடும் வேண்டும். கணினி உலகில் நெடுங்காலம் நிலைத்த அத்தகைய உடன்பாடுகளுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்க இலத்திரனியற் கைத்தொழிற் சங்கம் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர். எஸ். 232 என்னும் நியமமாகும்.

இதன் வேர் தந்தியில் உளது. மோர்சு 1844 இல் வாசிங்டனிலிருந்து பால்ற்றிமோருக்குச் செய்தி விடுத்த ஞான்று, மின்னோட்டம் பாய்ந்தபோது கருவி தாள் நாடாவிற் குறி பதித்தது. பாயாதபோது இடைவெளி விட்டது. 'குறி', 'இடைவெளி' என்னும் அவ்விரு பெயர்களும் தொலையச்சுப் பொறிக்கும், பின்னர்க் கணினிக்கும் வழிவழியாக வந்தன. எழுத்தின் முன்னே ஒரு தொடக்கத் துடிப்பும் பின்னே ஒரு முடிவுத் துடிப்பும் வைத்து, இரு முனைகளும் எழுத்துதோறும் காலத்தை ஒத்துக்கொள்ளும் முறையும் தொலையச்சு தந்ததே.

தொலைபேசிக் கம்பி வழியே தரவு செல்லத் தொடங்கியதும் புதியதோர் சிக்கல் எழுந்தது. முனையப் பொறி ஒருவர் ஆக்கியது; குறிகளை ஒலியாக மாற்றும் மொடெம் தொலைபேசிக் கம்பனிக்குரியது. இவ்விரண்டுக்கும் இடையே நடப்பட்ட எல்லைக்கல்லே இந்நியமம் எனலாம்.

1969 இல் வெளிவந்த 'சி' திருத்தத்தின்படி, வாங்கும் முனையில் மின்னழுத்தம் +3 வோல்ற்றுக்கு மேற்படின் அஃது இடைவெளி, அதாவது 0; -3 வோல்ற்றுக்குக் கீழ்ப்படின் குறி, அதாவது 1. இடைப்பட்ட பகுதிக்குப் பொருளில்லை. ஆதலின் சிறு இரைச்சல் செய்தியாக மயங்காது. வேகம் செக்கனுக்கு 20,000 இருமங்கள் வரையும், கம்பியின் நீளம் ஏறத்தாழ 50 அடி வரையும் வகுக்கப்பட்டன.

இருபத்தைந்து முனை இணைப்பியில் 2 ஆம் கம்பி அனுப்புவது, 3 ஆம் கம்பி பெறுவது, 7 ஆம் கம்பி பொது நிலம். அனுப்புதலும் பெறுதலும் முனையப் பொறியின் நோக்கிற் பெயரிடப்பட்டவை. ஆகவே மொடெமோடு நேரே இணைக்கலாம். இரு கணினிகளை இணைப்பின் இருவரும் ஒரே கம்பியிற் பேசுவர், ஒருவரும் கேளார். அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் குறுக்காக மாற்றிய வடமே அதற்குத் தீர்வாயிற்று. 1984 இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஏ.ரி. கணினியில் ஒன்பது முனை இணைப்பியைப் புகுத்தி 2 ஐயும் 3 ஐயும் இடம்மாற்றியமை குழப்பத்தை மேலும் பெருக்கிற்று.

1996 இல் யூ.எஸ்.பி. தோன்றியபின் வீட்டுக் கணினிகளிலிருந்து இந்நியமம் படிப்படியாக நீங்கியது. தொழிற்சாலைக் கருவிகளில் இன்றும் வாழ்கின்றது. எழுத்துக்களின் பொருளைப் பற்றி இந்நியமம் ஒன்றும் விதிக்கவில்லை. கம்பியையும் மின்னழுத்தத்தையும் மட்டுமே வரையறுத்தது. மொடெமுக்கெனப் பிறந்த உடன்பாடு, அதை ஆக்கியோர் எண்ணாத கருவிகளுக்கும் பொருந்தியமைக்கு அவ்வடக்கமே காரணமாகும். எல்லாவற்றையும் ஆள முயலாத விதியே நெடிது வாழும் என்பதற்கு இவ்வரலாறு சான்று.