பாத்திமா நகர் ஆசிரமம்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலைக்கு அருகே, புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது பாத்திமா நகர். மானாவாரிப் புஞ்சையும் கருவேலங்காடுமாகக் கிடக்கும் பகுதி. சாமியார் பிரேமானந்தா 1989-இல் இங்கே ஆசிரமம் அமைத்தார். இலங்கையின் மாத்தளையைச் சேர்ந்த இவரது இயற்பெயர் பிரேம்குமார் சோமசுந்தரம். அங்கு 1983-இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்தபோது, உறவுகளை இழந்த ஈழத்துப் பிள்ளைகளும் அவரை அண்டி வந்தனர்.

சிவராத்திரி அன்று வாயிலிருந்து லிங்கம் எடுப்பதுதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. குனிந்து இருமி, தொண்டையைச் செருமி, முட்டை வடிவக் கல்லை உள்ளங்கையில் ஏந்துவார்; கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வெறுங்கையிலிருந்து விபூதியும் கொட்டும். விபூதியை இறுக்கி உருண்டையாக்கி விரலிடுக்கில் ஒளித்து, கையை அசைக்கும்போது நொறுக்கினால் போதும் என்று பகுத்தறிவாளர்கள் ஊர் ஊராக மேடையேறிச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய உண்மையான பிடி இந்த வித்தையில் இல்லை. அண்டி வந்த பிள்ளைகளின் சோறு, துணி, படிப்பு, வைத்தியம் எல்லாம் ஆசிரமத்தின் கையில். வெளியே போனால் ஒண்ட இடமில்லை. அடைக்கலமே அங்கு விலங்காயிற்று.

1994-இல் ஆசிரமத்திலிருந்து தப்பிய ஒரு பெண் வாய் திறந்த பிறகே உள்ளே நடந்தது வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில் பிரேமானந்தா கைதானார். பதின்மூன்று பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாகவும், ஆசிரமத்தில் தங்கியிருந்த ஈழத்துப் பொறியாளர் ஒருவரைக் கொன்று அங்கேயே புதைத்ததாகவும் வழக்கு. அந்தப் பொறியாளர் இந்தக் கொடுமைகளைத் தட்டிக் கேட்டவர்.

சாமிக்குச் செய்யும் பணிவிடை என்று சொல்லித்தான் சிறுமிகளை இணங்க வைத்தார்கள். மறுத்தால் மிரட்டலும் அடியும். இத்தகைய குற்றங்களில் காமத்தைவிட அதிகார வேட்கையே முன்னிற்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் நிக்கோலஸ் கிராத் 1979-இல் எழுதினார். தொடர் கொலையாளிகளை வகைப்படுத்திய ஹோம்ஸ், டிபர்கர் ஆகியோரும் 1988-இல் 'அதிகாரம், கட்டுப்பாடு' என்பதற்கெனத் தனி வகை வைத்தனர். இன்னொருவரின் உயிரும் உடலும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை என்ற எண்ணத்தில் ஊறும் சுகம் அது. பிரேமானந்தா தொடர் கொலையாளி அல்லர். அவர்மீது நிரூபணமானது ஒரே கொலை. 1980-களில் சென்னையில் ஆட்டோ சங்கர் ஆறு பேரைக் கொன்றான். ஆனாலும் ஒரே குற்றத்தை ஆண்டுக்கணக்கில், அடுத்தடுத்து வேறு வேறு பிள்ளைகள்மீது நடத்திய ஒருவரைப் புரிந்துகொள்ள இந்த வகைப்பாடு உதவுகிறது. சங்கருக்குக் கத்தியும் கூலியாட்களும் வேண்டியிருந்தன. இவருக்குக் காவியும் பக்தியும் போதுமாயிருந்தன. பக்தியின் பிடி தளர்ந்த இடத்தில் மட்டுமே கொலை தேவைப்பட்டது.

வழக்கு புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. கலைக்கப்பட்ட கரு ஒன்றின்மீது நடத்திய மரபணு சோதனை, தந்தை பிரேமானந்தாவே என்று காட்டியது. இந்திய நீதிமன்றங்களுக்கு அந்தச் சோதனை அப்போது புதிது. எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்தே நிபுணரை அழைத்து வந்து மறுத்துப் பார்த்தது, எடுபடவில்லை. 1997 ஆகஸ்ட் 20 அன்று நீதிபதி ஆர். பானுமதி தீர்ப்பளித்தார்: இரட்டை ஆயுள் தண்டனை, 60 லட்சம் ரூபாய்க்கும் மேல் அபராதம். அரசு தரும் தண்டனைக் குறைப்பு எதுவும் இவருக்குப் பொருந்தாது என்றும் அதில் இருந்தது. கமலானந்தா உள்ளிட்ட சீடர்களும் தண்டிக்கப்பட்டனர். பானுமதி பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

சென்னை உயர் நீதிமன்றம் 2002-இலும், உச்ச நீதிமன்றம் 2005 ஏப்ரலிலும் தண்டனையை உறுதி செய்தன. மூத்த வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி பிரேமானந்தாவுக்காக வாதாடியும் பலனில்லை. கடலூர் மத்திய சிறையில் இருந்தபோது நோயுற்ற பிரேமானந்தா 2011 பிப்ரவரி 21 அன்று இறந்தார். உடல் பாத்திமா நகருக்கே கொண்டுவரப்பட்டது. அங்கே அவருக்குச் சமாதி எழுந்தது. குற்றச்சாட்டு முழுவதும் பொய் என்று நம்பும் பக்தர்கள், வெளிநாட்டவர் உட்பட, தொடர்ந்து வந்து கும்பிட்டுப் போனார்கள்.