கதவில் படம் ஒட்டினால் போதுமா? எல்லோருக்குமான பொது மலசலகூடம் எப்படி அமைய வேண்டும்

தூரப் பயணம் என்றால் முதல்நாள் பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுபவர்கள் வடக்கு கிழக்கில் பலர் இருக்கிறார்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர், செயற்கைக் காலுடன் நடப்பவர், முழங்காலை மடக்க முடியாத வயோதிபத் தாய் என எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான். போகிற இடத்தில் தங்களால் பயன்படுத்தக்கூடிய மலசலகூடம் இருக்குமா என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பழக்கம் உடலைப் பாதிக்கிறது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களில் பலர் கதீற்றர் மூலமே சிறுநீர் கழிக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டு, அது சிறுநீரகம் வரை பரவலாம். ஈர உடையுடன் மணிக்கணக்கில் இருந்தால் அழுத்தப் புண் வரும். உணர்விழந்த தோல் என்பதால் புண் வந்ததே உடனே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தக் கட்டடத்தையும் பயன்படுத்துவதில் ஒருவருக்கு அவரது இயலாமையைக் காரணம் காட்டித் தடை விதிக்க முடியாது என்கிறது. கட்டடங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்ரோபரில் வர்த்தமானியில் வெளியாகின.

அவை நடைமுறைக்கு வராத நிலையில், 1992 இல் வாகனத்தின் மீது மரம் விழுந்ததால் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். புதிதாக அமையும் பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளைப் பின்பற்ற வேண்டும் என உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது.

இந்த ஆண்டுகளை நாம் கவனிக்க வேண்டும். வன்னியில் இன்று நிற்கும் பொதுக் கட்டடங்களில் பெரும்பாலானவை 2009 இற்குப் பின் கட்டப்பட்டவை அல்லது மீளக் கட்டப்பட்டவை. ஒழுங்குவிதிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆகவே "இது பழைய கட்டடம்" என்ற பதில் இங்கே செல்லாது.

அளவுகள்

வாசல்: சாய்தளப் பாதையின் சரிவு 1:12 இற்கு மேல் போகக்கூடாது. தலா 15 சென்ரிமீற்றர் உயரமுள்ள மூன்று படிகளுக்குப் பதிலாகச் சாய்தளம் அமைப்பதானால் அதன் நீளம் 5.4 மீற்றர் வேண்டும். இரண்டு மீற்றரில் முடித்துவிட்டால் நாற்காலி பின்னால் கவிழும்.

கதவு: திறந்த நிலையில் குறைந்தது 80 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும், 90 என்றால் நல்லது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவரது உடலே தடுத்துவிடும். உருண்டைப் பிடிக்குப் பதிலாக அழுத்தும் பிடி பொருத்தினால், கைவிரல்களை இழந்தவர் முழங்கையாலும் திறக்கலாம்.

உள்ளிடம்: சக்கர நாற்காலி திரும்புவதற்கு 1.5 மீற்றர் விட்டமுள்ள வட்டம் தேவை. கொமட்டின் ஒரு பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி உடலை மாற்றிக்கொள்ள ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தில் வாளியோ குப்பைத்தொட்டியோ வைக்கக்கூடாது.

இருக்கை: தரையிலிருந்து 45 முதல் 48 சென்ரிமீற்றர் உயரம். முழங்காலுக்கு மேல் காலை இழந்து செயற்கைக் கால் அணிந்தவரால் குந்தியிருக்க முடியாது. குந்தும் மலசலகூடங்களை விரும்புவோர் நம்மிடையே அதிகம் என்பதால் அவற்றை அகற்றத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கொமட்டாவது இருந்தாக வேண்டும்.

கைபிடி: சுவர்ப்பக்கம் நிலையான கைபிடி ஒன்றும், மறுபக்கம் மடித்து உயர்த்தக்கூடிய ஒன்றும் தேவை. முழு உடற்பாரத்தையும் தாங்குமாறு சுவரில் இறுக்கப்பட வேண்டும். துவாய் தொங்கவிடும் கம்பி இதற்கு ஆகாது.

தண்ணீரும் தரையும்: கழுவும் குழாய் இருக்கையில் இருந்தபடியே கைக்கு எட்ட வேண்டும். வழுக்காத தரை ஓடு பதித்து, தண்ணீர் தேங்காமல் வடிய வழி செய்ய வேண்டும். ஊன்றுகோலுக்கு ஈரத்தரைதான் பெரிய எதிரி. கதீற்றர் வைக்க ஒரு சிறிய தட்டு, மூடியுள்ள குப்பைத்தொட்டி, எட்டும் உயரத்தில் கொளுக்கி என்பனவும் வேண்டும்.

பார்வை இழந்தோர்: சுவருக்கும் தரைக்கும் வேறுபட்ட நிறம் குறைந்த பார்வையுள்ளவருக்கு உதவும். கதவில் தொட்டுணரக்கூடிய எழுத்து வேண்டும்.

துணையாள் யார்?

எங்கள் சூழலில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். காயப்பட்ட கணவனைப் பராமரிப்பவர் மனைவி, மகனைத் தூக்கி இருத்துபவர் தாய். மாற்றுத்திறனாளிகளுக்கான அறையை ஆண்கள் பகுதிக்குள் கட்டினால் அந்தப் பெண் உள்ளே போக முடியாது. பெண்கள் பகுதிக்குள் கட்டினால் அவர் போக முடியாது. எனவே இந்த அறைக்குப் பொதுவெளியிலிருந்து தனி வாசல் இருக்க வேண்டும். அதே அறை கைக்குழந்தையோடு வருபவருக்கும் முதியவருக்கும் பயன்படும்.

கட்டிய பிறகு

சில மாதங்களுக்கு முன் ஒரு நகரத்தின் பேருந்து நிலையத்தில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவொன்றைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் வரும்வரை காத்திருந்து திறந்து பார்த்தபோது உள்ளே துடைப்பங்களும் உடைந்த கதிரைகளும் இருந்தன. அளவுகளில் பெரிய குறையில்லை. ஆனால் எவராலும் பயன்படுத்த முடியவில்லை. திறப்பு எங்கே, யார் துப்புரவு செய்வது, தண்ணீர்த் தாங்கியை யார் நிரப்புவது என்பவற்றையும் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் பிரதேச சபையோ நகர சபையோ புதிய மலசலகூடம் கட்டத் திட்டமிட்டால், வரைபடத்தைக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். அத்திவாரம் வெட்டுவதற்கு முன் கேட்பது முக்கியம். கதவின் அகலத்தை வரைபடத்தில் மாற்றச் செலவில்லை, கட்டிய சுவரை இடிக்கச் செலவுண்டு. ஏற்கனவே உள்ளவற்றை அளவு நாடாவுடன் சென்று அளந்து, படத்துடன் எழுத்தில் முறையிடுங்கள். 23 ஆம் பிரிவு மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யவும் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

கட்டி முடித்ததும் திறப்பு விழாவுக்கு முன், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரையும் ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவரையும் அழைத்து, உள்ளே போய்வரச் சொல்லுங்கள். அவர்கள் துணையின்றிப் போய்வர முடிந்தால் அதன் பிறகு நாடாவை வெட்டலாம்.